பட்டறையில் சுத்தியல் எங்கே?

போன மாதம் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டு நாள் பயிலரங்கம். தலைப்பு: ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங். பி.காம். படித்த பத்திரிகைக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நிறைவு விழாவில் சர்டிஃபிகேட் கொடுக்கிற வேலை!

சீக்கிரமே போய்விட்டதால் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இருநூறு பேர் இருப்பார்கள். மேடையில் ஒருவர் பவர்பாயின்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். 'விலங்கு ஒரு கிளாஸ். நாய் அதன் வாரிசு. நாய் குரைக்கும், பூனை மியாவ் சொல்லும்.' அவ்வளவுதான், இன்ஹெரிட்டன்ஸ் முடிந்தது.

பக்கத்திலிருந்த பையனிடம், "ரெண்டு நாள்ல எத்தனை புரோகிராம் போட்டீங்க தம்பி?" என்றேன்.

"லேப் பூட்டியிருக்கு சார். ஃபீட்பேக் ஃபார்ம் மட்டும்தான் எழுதினோம்."

வொர்க்‌ஷாப் என்றால் பட்டறை. எந்தக் கொல்லன் பட்டறையிலாவது இரும்பைப் பற்றி இரண்டு நாள் சொற்பொழிவு கேட்டிருக்கிறீர்களா? என் கதையையே சொல்கிறேன். வகுப்பில் எத்தனை முறை கேட்டும் எனக்குப் பற்று வரவு புரியவில்லை. டிரையல் பேலன்ஸில் 27 ரூபாய் உதைத்தது. ராத்திரி முழுக்கத் தேடி, 58 என்பதை 85 என்று எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தேன். கணக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. புரோகிராமும் அப்படித்தான். தப்பாகப் போட்டு, முழித்து, திருத்தினால்தான் வரும்.

'இருநூறு பேருக்கு கம்ப்யூட்டருக்கு எங்கே போவது?' என்பார்கள். கம்ப்யூட்டரே வேண்டாம் சார்! அமெரிக்காவில் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்ற இருவர் 1989-லேயே வழி சொல்லிவிட்டார்கள். ஒரு கிளாஸுக்கு ஒரு சின்ன அட்டை. அதில் மூன்றே விஷயம்: பெயர், அதன் பொறுப்பு, யார் யாரோடு சேர்ந்து அதைச் செய்யும்.

ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் கையில் 'புத்தகம்' அட்டை, இன்னொரு பையன் கையில் 'உறுப்பினர்', மூன்றாமவரிடம் 'இரவல்'. புத்தகம் பத்து நாள் தாமதமாகத் திரும்பி வருகிறது. அபராதத்தைக் கணக்குப் போடுவது யார் பொறுப்பு? அந்த மூன்று பேரும் அரை மணி நேரம் சண்டை போடட்டும். நாய், பூனை சொல்லித் தராததை அந்தச் சண்டை சொல்லித் தந்துவிடும். செலவு, அட்டைக்கான சில ரூபாய்கள். பொன்னாடையைவிட மலிவு.

இந்தச் சிந்தனை பிறந்ததே நிஜ உலகத்திலிருந்துதான். 1960-களில் நார்வேயில் டாலும் நிகார்டும் சிமுலா மொழியை உருவாக்கியது, வெளியே நடப்பதை கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்க்க. நாம் அதைக் கொண்டுவந்து ஐந்து மார்க் கேள்வியாக்கி வைத்திருக்கிறோம்.

பேராசிரியர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. கல்லூரியின் தர மதிப்பீட்டுக்கு எத்தனை பயிலரங்கம் நடந்தது என்ற எண்ணிக்கை வேண்டும். அதற்கு போட்டோ, வருகைப் பதிவு, அறிக்கை. பையன்கள் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காத ஒன்றை யார் மெனக்கெட்டுச் செய்வார்கள்?

ஆனால் நஷ்டம் பையன்களுக்கு. கிளாஸ் எழுதும் இலக்கணத்தை இன்றைக்கு ஏ.ஐ. நொடியில் கொட்டிவிடுகிறது. எந்த வேலையை எதனிடம் ஒப்படைப்பது என்று பிரிக்கத் தெரிகிற புத்திதான் இனி சோறு போடும். அதைத்தான் நாம் கற்றுத் தராமல் விடுகிறோம்.

அதனால் நடத்துகிறவர்களுக்கு மூன்று கோரிக்கை. முப்பது பேருக்கு மேல் ஒரு அணியில் சேர்க்காதீர்கள். ஒரு வாரம் முன்பே ஒரு கணக்கைக் கொடுத்து, யோசித்துவிட்டு வரச் சொல்லுங்கள். செய்து காட்டியவருக்கு மட்டும் சர்டிஃபிகேட் கொடுங்கள்.

அன்றைக்கு அந்தப் பையனும் மேடைக்கு வந்தான். 'சிறப்பாகப் பயிற்சி பெற்றார்' என்று அச்சடித்த தாளை நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் மாணவரா? அடுத்த முறை பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், ரெண்டு நாளும் நாங்க என்ன செய்யப்போறோம்?" பதில் மதியச் சாப்பாட்டில் ஆரம்பித்தால், பணத்தைப் பத்திரமாகப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.