ஆராய்ச்சிக்குப் போகிற பெண்ணுக்கு எதற்கு ஆறுதல்?

போன வாரம் காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் தெருக் கல்யாணம் ஒன்றில், பந்தியில் என் அண்ணன் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் விசாரிக்க ஆரம்பித்தார். "ட்ரிபிள் ஈ முடிச்சு, எம்.டெக்கும் முடிச்சாச்சு மாமா, பி.எச்டி சேரப்போறேன்" என்றாள். "அடடா, கேம்பஸ்ல ஒண்ணும் வரலியாம்மா? போவட்டும் விடு. வேலை கிடைக்கிற வரைக்கும் ரிசர்ச்சுன்னு எதையாவது பண்ணிக்கிட்டிரு" என்றார். எதிர்வரிசையில் இருந்த நாலைந்து பேரும் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். துக்கம் விசாரிப்பது போல விசாரித்துவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இது ஒருவர் பேச்சு என்றால் விட்டுவிடலாம். காரைக்கால் முழுக்க, டெல்டா முழுக்க இதே பேச்சுதான். கம்ப்யூட்டர் கிடைக்காதவன் ட்ரிபிள் ஈ எடுப்பானாம். ட்ரிபிள் ஈ எடுத்தும் வேலை கிடைக்காதவன் ஆராய்ச்சிக்குப் போவானாம். படிப்பாளிகள் என்று பெயரெடுத்த குடும்பங்களிலும் இதை வேதவாக்காகச் சொல்கிறார்கள். புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் கலந்தாய்வுப் பட்டியல் வந்ததும் அப்பாக்கள் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே?

இவர்களிடம் ஒரே ஒரு பெயரைச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆரோக்கியசாமி பால்ராஜ். 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்தவர், பதினைந்து வயதில் கடற்படைக்குப் போனவர். கடற்படை அவரை டெல்லி ஐ.ஐ.டி.க்குப் படிக்க அனுப்பியது. அங்கே 1973-இல் மின்பொறியியலில் பி.எச்டி முடித்தார். 1971 போரில் நம் குக்ரி கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்திருந்த காலம் அது. நீருக்கடியில் எதிரியின் ஒலியைப் பிடிக்கும் சோனார் கருவியை இந்தியாவிலேயே வடிவமைக்கும் பணிக்குத் தலைமை ஏற்றார். கடற்படையை விட்டு 1990-களின் தொடக்கத்தில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் கண்டுபிடித்ததுதான் மைமோ. 1992-இல் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1994-இல் கிடைத்தது. 2014-இல் மார்கோனி பரிசு வாங்கினார்.

மைமோ என்றால் என்ன? கோபுரத்திலிருந்து கிளம்பும் ரேடியோ அலை சுவரிலும் மாடியிலும் பட்டுச் சிதறும். அந்தச் சிதறலை எல்லோரும் தொல்லையாகவே பார்த்தார்கள். பால்ராஜ் அதையே பிடித்துக்கொண்டார். அனுப்பும் பக்கம் பல ஆன்டெனா, வாங்கும் பக்கம் பல ஆன்டெனா. ஒவ்வொன்றிலிருந்தும் வேறு வேறு தகவல், ஆனால் ஒரே அலைவரிசை. வழியில் பட்டுத் தெறித்து வரும் விதம் ஒவ்வொன்றுக்கும் மாறுபடுவதால், வந்து சேரும் இடத்தில் கணக்குப் போட்டுத் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். புது அலைவரிசை வாங்காமலே வேகம் பல மடங்கு கூடும். இன்றைய வைஃபை, 4ஜி, 5ஜி எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. பந்தியில் ஆறுதல் சொன்ன பெரியவரின் சட்டைப்பையில் இருந்த போனும் பால்ராஜின் ஆராய்ச்சியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பால்ராஜுக்குக் கேம்பஸில் ஒன்றும் வரவில்லையா?

சரி, காசுக் கணக்கே பேசுவோம். என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் உதவித்தொகையோடு முழுநேர ஆராய்ச்சியில் சேருபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. பெரிய ஐ.டி. கம்பெனிகள் கூட்டம் கூட்டமாக எடுக்கும் புதியவர்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே கொடுக்கின்றன. 37,000-ஐப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்கட்டும் இந்தப் பேக்கேஜ் புலிகள். சம்பளத்தைச் சொல்லித்தான் ஊரில் மதிப்பு என்றால் அந்தக் கணக்கிலும் தோற்கிறார்கள்.

அண்ணன் மகள் எதை ஆராயப் போகிறாள் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். மின்கம்பியைக் கம்பத்திலிருந்து பிரித்து வைக்கும் பீங்கான் இன்சுலேட்டர்களை நம் ஊரில் நிமிர்ந்து பாருங்கள். கடற்காற்று நாள்தோறும் அதன்மேல் உப்பைப் பூசுகிறது. உலர்ந்திருக்கும்வரை ஆபத்தில்லை. மார்கழி விடியலில் பனி இறங்கியதும் அந்த உப்பு ஈரமாகி மின்சாரத்துக்கு வழி விடுகிறது. முதலில் மெல்லிய கசிவு. அந்தக் கசிவின் சூட்டில் அங்கங்கே ஈரம் காயும், காய்ந்த பட்டையின் குறுக்கே நீலப் பொறி தாவும், கம்பத்தடியில் நின்றால் சீறும் சத்தம் கேட்கும். பொறிகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டால் மொத்தமும் பற்றி, லைன் விழுந்துவிடும். நாம் "கரண்டு போச்சு" என்கிறோம், லைன்மேன் தூக்கம் கலைந்து ஏணியோடு ஓடுகிறார். சிலிக்கோன் ரப்பர் இன்சுலேட்டர் தண்ணீரை ஒட்டவிடாது. ஆனால் வெயிலும் உப்பும் வருஷக்கணக்கில் பட்டால் அந்தக் குணம் குறைந்துபோகும். எவ்வளவு காலத்தில், எப்படிக் குறைகிறது? கசிவு மின்னோட்டத்தை அளந்துகொண்டே இருந்தால் எந்த இன்சுலேட்டர் பழுதாகப்போகிறது என்று முன்னாலேயே சொல்லிவிட முடியுமா? அவள் கேள்வி இதுதான். அளக்க மின்பொறியியல் வேண்டும், தகவலை அனுப்ப மின்னணுவியல் வேண்டும், கணித்துச் சொல்லக் கணினி வேண்டும். கடலோரத்தில் பிறந்தவளுக்கு இதைவிடத் தேவையான படிப்பு எது?

கணினி என்றதும் இன்னொன்று. கம்ப்யூட்டர் படிப்பு உசத்தி, கரண்டுப் படிப்பு மட்டம் என்று தரம் பிரிப்பவர்களுக்கு வரலாறே தெரியாது. கணினி அறிவியலைத் தனிப் படிப்பாக இந்தியாவில் முதலில் சொல்லிக்கொடுத்தது 1960-களில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மின்பொறியியல் துறை. சொல்லிக்கொடுத்தவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன், மின்பொறியியல் பேராசிரியர். தாய் வீட்டை மட்டம் தட்டி மகள் வீட்டைப் புகழும் வேலை இது. இதற்கு நம் கல்லூரிகளும் உடந்தை. ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024-இல் தளர்த்தியதும், பல கல்லூரிகள் கம்ப்யூட்டர் இடங்களைப் பெருக்கிவிட்டு மின்பொறியியல் பிரிவைத் தேய விட்டன. ஆய்வகம் நடத்தக் காசு ஆகும், கணினி வரிசை போட்டுவிட்டால் செலவு குறைவு. விஷயம் அவ்வளவுதான். மாணவன் எதிர்காலம் என்று விளம்பரத்தில் அளப்பதை நான் நம்பவில்லை.

ஆராய்ச்சியை ஊர் மதிக்காமல் போனதற்குப் படித்தவர்களும் காரணம், அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசி வருஷப் புராஜெக்டைப் புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். போர்டு, கோடு, பைண்டு செய்த அறிக்கை என எல்லாம் தயாராக ஒரு பையில் வந்துவிடுகிறது. வைவாவுக்கு முந்தின நாள் இரவு பையன் முதல்முறையாக அதைத் திறந்து பார்க்கிறான். வாத்தியாருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் ஆய்விதழ்கள் வேறு. 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே வீச்சில் 4,305 இதழ்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அத்தனை இதழ்கள் அதுவரை எப்படி உள்ளே இருந்தன? இந்தக் குப்பையைக் காட்டித்தான் உண்மையாக உழைக்கிறவளையும் கேலி பேசுகிறார்கள். பால்ராஜ் புராஜெக்ட் சென்டரில் வாங்கியிருந்தால் நம் கையில் இன்று 4ஜி இருக்காது.

மின்துறை என்றால் மீட்டர் பார்ப்பது, பில் கட்டுவது என்று நினைக்கும் ஊரில், அதைத் தனியாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று புதுச்சேரியில் அறிவித்தபோது ஊழியர்கள்தான் 2022-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாம் இருட்டில் உட்கார்ந்து அவர்களைத் திட்டினோம். 2018 நவம்பரில் கஜா புயல் கம்பங்களைச் சாய்த்தபோதும் அதே இருட்டு, அதே திட்டு. புயலுக்குத் தாங்கும் மின்தடத்தை யார் வடிவமைப்பார்கள், அதற்கு எத்தனை வருஷ ஆய்வு வேண்டும் என்று ஒரு தெருக்கூட்டமாவது பேசியிருக்குமா?

இந்தத் தருமபுரத்துக்கு ஒரு கதை உண்டு. மயிலாடுதுறை ஆதீனத்துத் தருமபுரத்தைச் சொல்லவில்லை, யாழ்மூரிநாதர் கோயில் கொண்ட எங்கள் தருமபுரத்தைச் சொல்கிறேன். சம்பந்தர் பதிகங்களுக்கு யாழ் வாசித்துவந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாய் ஊர் இது. யாழ்ப்பாணர் வாசிப்பதால்தான் அந்தப் பதிகங்களுக்குப் புகழ் என்று இங்கிருந்த சொந்தக்காரர்கள் பெருமை பேசினார்கள். சொந்தக்காரர்கள் தெரியாமல் பேசுவது இந்த ஊரில் அன்றைக்கே இருந்திருக்கிறது. யாழ்ப்பாணர் அதை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. யாழில் அடங்காத இசையைப் பாடிக் காட்டும்படி சம்பந்தரிடமே கேட்டார். பாடினார், யாழில் அடங்கவில்லை. ஊரே புகழ்ந்தாலும் தன் கருவி எங்கே நின்றுபோகிறது என்று சோதித்துப் பார்த்த அந்த மனம்தான் ஆராய்ச்சி மனம். அதை வணங்கக் கோயிலுக்குப் போகிறோம். அதே மனத்தோடு ஒரு பெண் நம் வீட்டிலிருந்து கிளம்பினால் பரிதாபப்படுகிறோம்.

2010-இல் தொடங்கிய புதுச்சேரி என்.ஐ.டி. இதே காரைக்கால் மாவட்டத்தில், திருவேட்டக்குடியில் இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே அங்கே மின்பொறியியல், மின்னணுவியல், கணினி மூன்றும் உண்டு. நெடுங்காட்டில் காமராஜர் பெயரில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2000-லிருந்து இருக்கிறது. படிப்பவர்களும் இங்கே, மின்சாரமும் இங்கே, உப்பும் இங்கே. புதுச்சேரி மின்துறைக்கு ஒரு வேண்டுகோள். காரைக்கால் மின்தடங்களில் எந்தக் கம்பத்தில், எந்த மாதத்தில், எந்த நேரத்தில் இன்சுலேட்டர் பழுதானது என்ற பதிவேடுகளை இந்த ஆராய்ச்சி மாணவர்களுக்குத் திறந்து கொடுங்கள். வரும் மார்கழிக்கு முன்னால் கொடுங்கள்.