மக்தலேனாவும் அந்த "ஆனா"வும்

"பெரிய வீராங்கனைதான், ஆனா ஒலிம்பிக் தங்கம் இல்லையே" என்று இழுப்பார்கள் பாருங்க, அந்த "ஆனா" மேல எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு. ஸ்வீடனின் மக்தலேனா ஃபோர்ஸ்பெர்க்கையே எடுத்துக்குவோம்.

அம்மணி ஆடியது பயத்லான். பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த ஆட்டம். மூச்சு வாங்க வந்து நின்று, நெஞ்சு படபடக்கும்போதே 50 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கைச் சுடணும். படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் வெறும் 4.5 செ.மீ. 15 கி.மீ. தனிநபர் போட்டியில் ஒரு குண்டு தவறினா, கணக்கில் ஒரு நிமிஷம் கூடிடும். முன்னிலை எல்லாம் அதோட காலி!

இப்படிப்பட்ட ஆட்டத்தில் 1996-97 முதல் 2001-02 வரை, தொடர்ந்து ஆறு சீசன் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டம் அவருக்கே. உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆறு தங்கம் வேறு. ஒலிம்பிக்கில்? 1998 நகானோவில் பதக்கமே இல்லை. 2002 சால்ட் லேக் சிட்டியில், 34 வயதில், இரண்டு வெண்கலம். அதே வருஷம் ஓய்வு.

நம்ம பொட்டி தட்டுற பாஷையில் சொன்னா, ஒலிம்பிக்ஸ் என்பது டெமோ. உலகக் கோப்பை, குளிர்காலம் முழுக்க ஊர் ஊராகப் போய் ஓடும் புரொடக்‌ஷன். டெமோ அன்னிக்கு சொதப்பலாம். ஆறு வருஷம் விழாமல் ஓடுவது அதிர்ஷ்டத்தில் நடக்காது.

என் ஓட்டு அந்த ஆறு வருஷத்துக்குத்தான். உங்க ஓட்டு எதுக்கு? :-)