என் பிள்ளை, என் முடிவா?

சென்ற மாதம் ஒரு புத்தக வெளியீட்டு விழா முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். அப்பாவாகி மூன்று மாதமே ஆன நண்பர் சொன்னார்: "என் பொண்ணுக்கு ஊசி போடுறதும் போடாததும் என் முடிவு. அதுல தலையிட அரசாங்கம் யாருங்க?" ஃபூக்கோவையும் துணைக்கு இழுத்தார். உடல்மீது அரசு செலுத்தும் அதிகாரம் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். கூடவே வாட்ஸப்பில் வதந்தியும் ஆரம்பித்தது. நான் அப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு. "பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்" என்று வந்த ஒரு குரல்பதிவை அத்தைக்கு அனுப்பியவன் நான்தான். உண்மையா என்று பார்க்கவில்லை. அரசை எதிர்த்துவிட்ட ஒரு கிளுகிளுப்பு, அவ்வளவுதான். ஊசி போட்ட அன்று அத்தை தன் மகனை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அவனுக்கு மணல்வாரி வந்தது. வேப்பிலை கட்டினார்கள். பத்து நாளில் எழுந்து கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். ஆனால் உடம்பில் தடிப்பு தெரிவதற்கு முன்பே, வெறும் சளிக் காய்ச்சல் என்று எல்லாரும் நினைத்திருந்த நாளில், என் அக்காவின் ஆறு மாதக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியிருந்தான். குழந்தைக்கு நிமோனியா. பதினோரு நாள் மருத்துவமனை. பிழைத்தான். இடது காது இன்றும் சரியாகக் கேட்காது.

நம் நாட்டு அட்டவணைப்படி தட்டம்மை ஊசியின் முதல் தவணையே 9 மாதம் முடிந்துதான். அதுவரை குழந்தைக்குக் காவல் இரண்டு: அம்மாவிடமிருந்து வந்து மெல்லக் கரையும் எதிர்ப்பு சக்தி, சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசி. நோயாளி இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம்வரை கிருமி காற்றில் இருக்கும். அதனால்தான் 100 பேரில் 95 பேராவது போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள்.

ரூபெல்லா இன்னும் தெளிவான உதாரணம். பத்து வயதுப் பையனுக்கு அது பெரும்பாலும் லேசான காய்ச்சல், தடிப்பு. பிறகு எதற்குப் பையன்களுக்கும் ஊசி? அவனிடமிருந்து கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் இருக்கும் பெண்ணுக்குத் தொற்றினால், பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமல் போகலாம். கண்ணில் புரை, இதயத்தில் கோளாறு வரலாம். அவன் கையில் குத்துவது, இன்னும் பிறக்காத யாரோ ஒருவருக்காகவும்தான். இதில் "என் பிள்ளை, என் முடிவு" எங்கே நிற்கிறது?

அரசை நம்பாததற்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நெருக்கடி நிலையில் கட்டாயக் கருத்தடை செய்த நாடு இது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. கேளுங்கள்: மருந்தை எப்படி வைத்திருந்தார்கள், யார் போட்டார்கள், விசாரணை என்ன ஆனது? ஆனால் கேள்வி கேட்பது வேறு, ஃபார்வர்ட் செய்வது வேறு. நான் செய்தது இரண்டாவது. அதிகாரத்தைக் கவனி என்றால் ஊசி போடாதே என்று அர்த்தமில்லை.

2022 மே மாதம் கோவிட் தடுப்பூசி வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றது. பொது நலனுக்காக அளவான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. நம்மாட்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு இரண்டு பாதியும் வேண்டும். போலீஸை வைத்துக் கையைப் பிடிக்க வேண்டாம். ஆனால் பள்ளி தடுப்பூசி அட்டையைக் கேட்கட்டும். ஊரில் அம்மை பரவினால், போடாத பிள்ளை மூன்று வாரம் வீட்டிலிருக்கட்டும். மறுக்கும் உரிமை உங்களுடையதென்றால் அதன் செலவும் உங்களுடையதாக இருக்கட்டும். என் அக்கா ஏன் கட்ட வேண்டும்?

நண்பரே, உங்கள் மகளுக்கு இப்போது நாலு மாதம். தட்டம்மை ஊசி போட இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதுவரை அவள் உங்கள் முடிவை நம்பி இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இருமப்போகும் ஏதோ ஒரு பையனின் அப்பா என்ன முடிவெடுத்தார் என்பதை நம்பித்தான் இருக்கிறாள்.