குரலை எடுப்பவர் பெயரையும் எடுக்கட்டும்

ராப் பாடகரின் குரலை மட்டும் தனியே உருவி, வேறொரு பீட்டின்மேல் பொருத்தி, யாரையும் கேட்காமல் வெளியிடும் ரீமிக்ஸ்களைத் திருட்டு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். ஹிப்ஹாப்பின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. டீஜேக்கள் எடுத்தாளட்டும் என்றே வெறும் குரலை, அதாவது அகப்பெல்லாவை, அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளே வெளியிட்டு வந்தன. ஜே-ஸியின் ‘தி பிளாக் ஆல்பம்’ குரல்களும் அப்படி வந்தவைதான். அவற்றை பீட்டில்ஸின் ‘ஒயிட் ஆல்ப’த்தோடு கலந்து 2004இல் ‘தி கிரே ஆல்பம்’ செய்தார் இசைத் தயாரிப்பாளர் டேஞ்சர் மவுஸ். தடுக்க வந்தது பீட்டில்ஸ் பதிவுகளின் உரிமை பெற்றிருந்த இ.எம்.ஐ. நிறுவனம்; அந்த பிப்ரவரி 24 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்கள் எதிர்ப்பாக அதை இலவசமாகவே கொடுத்தன. 2019இல் டீசர் நிறுவனம் குரலைப் பிரிக்கும் ஸ்ப்ளீட்டர் மென்பொருளைப் பொதுவில் வைத்த பிறகு அகப்பெல்லா வெளிவரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. ஒரகடம் கார் ஆலையில் ஷிஃப்ட் முடித்து அறைக்குத் திரும்பும் இளைஞர், கையிலுள்ள போனிலேயே முழுப்பாட்டிலிருந்து குரலைப் பிரித்துவிடலாம். வேகத்தையும் சுருதியையும் ஒட்டவைக்கும் காதுதான் வேண்டும். அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

சட்டம் அவர் பக்கம் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ரீமிக்ஸுக்கென்று விலக்கு கிடையாது. 2012இல் சேர்ந்த 31சி பிரிவு, ஐந்தாண்டு கழித்து உரிமத்தொகை கட்டி ஒரு பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிய மட்டுமே விடுகிறது. சரி, அனுமதி இருந்துவிட்டால் பாடியவருக்கு நியாயம் கிடைத்துவிடுமா? 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யைப் பாருங்கள். நிலமற்றவர்களின் கதையை, தேயிலைத் தோட்டங்களுக்குப் போன முன்னோரின் கதையை எழுதிப் பாடகி தீயோடு சேர்ந்து பாடியவர் அரக்கோணத்து ராப் பாடகர் அறிவு. பாட்டை டீஜே ஸ்நேக் முறைப்படியே ரீமிக்ஸ் செய்தார். அந்த ஆகஸ்டில் வந்த ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகே அறிவுக்கும் ஓர் அட்டை வந்தது. பாட்டிலிருந்து தங்களுக்குப் பணமே வரவில்லை என்று 2024இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் சொன்னார். அதிகாரபூர்வம் என்ற முத்திரை காப்பாற்றியது இவ்வளவுதான்.

குரலை எடுப்பவர் பாடியவரின் பெயரையாவது போடட்டும் என்றால், பெயர் போட்டால் வயிறு நிறையுமா என்று கேட்பார்கள். நிறையாது. அதனால்தான் விளம்பரப் பணம் வரத் தொடங்கிய நிமிடமே அனுமதியும் பங்கும் கட்டாயம் என்கிறோம். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: சாதியைப் பற்றிய நான்கு வரியை வெட்டிவிட்டு ஆடுவதற்கு ஏற்ற ஒரு வரியை மட்டும் சுழலவிட்டால் பாடியவரின் பேச்சே மாறிவிடும். இதற்கு நம்மிடம் மறுப்பில்லை. அதே சட்டத்தின் 38பி பிரிவும் அதைத்தான் பார்க்கிறது: நிகழ்த்தியவர் தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கோரலாம், தன் நற்பெயர் கெடும்படியான சிதைப்பைத் தடுக்கலாம். கார் ஆலைக்கு வரும் உதிரிபாகத்திலேயே அதைச் செய்த கம்பெனியின் குறி இருக்கிறது; மனிதக் குரலுக்கு அதுகூட இல்லாமல் போவது அநியாயம். ஒரகடம் பக்கத்தில் ரீமிக்ஸ் செய்யும் தம்பி தங்கைகளே, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் மூவர் பெயரையும் தலைப்பிலேயே போடுங்கள். அவர்கள் நீக்கச் சொன்னால் வாதாடாமல் நீக்கிவிடுங்கள்.