கைத்தொழிற் பக்கம்: விரல் பட்டால் விழாத பீடம்

இராமாயணமோ பாகவதமோ வாசிக்கும் பெரியவர்களுக்கு முன்னால் ஒரு சிறு மரப்பீடம் இருப்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, பெருக்கல் குறியைப்போல் விரிந்து நிற்கும். அதற்கு வியாசபீடம் என்று பெயர். எத்தனை கனமான புத்தகத்தை வைத்தாலும் அது சாய்ந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இன்றோ புத்தகத்தின் இடத்திற்கு டேப்லெட் என்னும் பலகைக் கணினி வந்துவிட்டது. குழந்தை பாடம் படிப்பதும், பாட்டி காலட்சேபம் கேட்பதும், மருமகள் புதுப் பலகாரத்துக்குப் பக்குவம் பார்ப்பதும் அதிலேதான். ஆனால் அதற்கேற்ற பீடம் மட்டும் பல வீடுகளில் இன்னும் அமைந்தபாடில்லை. அரிசி டப்பாவின்மீது சாய்ந்தே அது காலம் தள்ளுகிறது.

இக்குறையைத் தீர்க்க முற்பட்ட அம்பத்தூர் நண்பர் ஒருவரின் அனுபவத்தை இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன். அவர் அங்குள்ள தொழிற்பேட்டையில் தகடு வெட்டி மடிக்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்துகிறவர். இருபது ஆண்டுகளாக அவர் செய்ததெல்லாம் ஜாப் ஒர்க்குத்தான். வரைபடம் எங்கிருந்தோ வரும்; அதன்படி வெட்டி, மடித்து, துளையிட்டு அனுப்பிவிட வேண்டும். அந்த உறுப்பு எந்த யந்திரத்தில் போய்ச் சேருகிறது என்பதுகூட அவருக்குப் பல சமயம் தெரியாது. “என் கை பட்ட சாமான் லட்சக்கணக்கில் வெளியே போயிருக்கிறது, ஐயா! என் பெயர் சொல்ல ஒன்றும் இல்லை” என்று அவர் ஒரு நாள் வருத்தத்துடன் சொன்னார். அந்த வருத்தத்தில் பிறந்ததே டேப்லெட் பீடம்.

முதலில் அவர் கணினியில் வரைபடம் வரையக் கற்றுக்கொண்டார். இவ்வித்தைக்கு வித்திட்டவர் அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் என்பவர். 1963-ஆம் ஆண்டில் அவர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலை வகுத்தபோது, அதை இயக்கிய கணினி ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்தது. 1982-இல் ‘ஆட்டோகேட்’ வந்த பிறகு, மேஜைமேல் வைக்கும் கணினியிலேயே வரைவது சாத்தியமாயிற்று. இன்று ‘ஃப்ரீகேட்’ என்னும் மென்பொருளை எவரும் காசின்றிப் பெறலாம். ஓர் அளவை மாற்றினால் அதனோடு பிணைத்திருக்கும் மற்ற அளவுகள் தாமே மாறிக்கொள்வது இத்தகைய மென்பொருளின் பெருஞ்சிறப்பு. மடிக்கும் இடத்தில் தகடு சற்று நீள்வதையும் கணக்கிட்டு, மடிப்பதற்குமுன் எவ்வளவு நீளத்தில் வெட்டவேண்டும் என்பதையும் அது சொல்லிவிடும்.

நண்பர் 2 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகட்டை எடுத்துக்கொண்டார். அகலம் 150 மில்லிமீட்டர். முன்பக்கத்தில் ஒரே மடிப்பு. கீழே அடித்தட்டு, மேலே சாய்வுத்தட்டு. டேப்லெட்டின் உயரம் 250 மில்லிமீட்டர், எடை 500 கிராம். மேஜையோடு 65 பாகைக் கோணத்தில் அது பின்னோக்கிச் சாய்ந்து நிற்கவேண்டும். அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து, கொத்தனார் பிடிப்பதுபோல ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், அது டேப்லெட்டின் அடிவிளிம்புக்கு 53 மில்லிமீட்டர் பின்னால் மேஜையைத் தொடும். அந்தப் புள்ளி அடித்தட்டுக்குள் விழும்வரையில் பீடம் நிற்கும். வெளியே போனால் கவிழும். ஆகையால் அடித்தட்டின் நீளத்தை 70 மில்லிமீட்டர் என்று அவர் தீர்மானித்தார். கணினியும் ஈர்ப்பு மையம் பத்திரமாக உள்ளேயே இருப்பதாகக் காட்டிற்று. நண்பர் மகிழ்ச்சி மிகுதியால் ஐம்பது பீடங்களை ஒரே மூச்சில் வெட்டி மடித்துவிட்டார்.

அன்று மாலை அவருடைய எட்டு வயது மகள் டேப்லெட்டைப் பீடத்தில் வைத்து, மேல் மூலையிலிருந்த படத்தை விரலால் அழுத்தினாள். பீடம், டேப்லெட் இரண்டும் மல்லாந்து விழுந்தன! நல்லவேளை, கீழே பாய் விரித்திருந்தது.

கணினி பொய் சொல்லவில்லை. “பீடம் சும்மா நிற்குமா?” என்று கேட்டதற்கு, “நிற்கும்” என்று அது சரியாகவே பதில் சொல்லியிருந்தது. “தொட்டால் நிற்குமா?” என்று நண்பர் கேட்கவே இல்லை. வியாசபீடத்துப் புத்தகத்தைக் கண்ணால் வாசிக்கிறோம்; பக்கத்தைப் புரட்டும் விரலும் ஏறக்குறையக் கீழ்நோக்கியே அழுத்துகிறது. டேப்லெட்டையோ நிமிர்த்தி வைத்து, நிமிஷத்துக்குப் பத்து முறை பின்னோக்கித் தள்ளுகிறோம். மேலே தள்ளும் விரல் ஒரு நீண்ட நெம்புகோலின் நுனியைத் தள்ளுவது போலாகும். கணக்கிட்டுப் பார்த்தால், அந்தப் பீடத்தைக் கவிழ்க்க மேல் விளிம்பருகே ஏறக்குறைய 75 கிராம் அழுத்தமே போதும். ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தின் எடைகூட இதற்குக் குறையாது.

அடித்தட்டை 110 மில்லிமீட்டராக நீட்டினால் என்ன ஆகும்? கூடுவது நாலு விரற்கடைக்கும் குறைவான தகடுதான். ஆனால் கவிழ்க்கத் தேவையான அழுத்தம் 230 கிராமுக்கு மேல் உயர்ந்துவிடுகிறது, அதாவது மும்மடங்கு. அடியில் நான்கு ரப்பர் பொட்டுகளை ஒட்டிவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும் பயமும் இல்லை. நண்பர் தம் ஐம்பது பீடங்களையும் காயலான் கடைக்குப் போடவில்லை. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஒரு தகட்டுப் பட்டையை ரிவெட் அடித்து இணைத்தார். அழகு சற்றுக் குறைந்தது. ஆயினும் பீடம் நின்றது. இப்பொழுது புது வரைபடத்தின்படி, ஒரே தகட்டில் அடுத்த தொகுதி தயாராகி வருகிறது.

இது ஓர் அற்ப விஷயம் என்று சிலர் நினைக்கக்கூடும். அவர்கள் அம்பத்தூரை அடுத்த ஆவடியைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். 1965-இல் அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ‘விஜயந்தா’ டாங்கி நம்மவர் கைகளால் உருவானதுதான். ஆனால் அதன் வரைபடம் விக்கர்ஸ் என்ற ஆங்கிலக் கம்பெனியாருடையது. நாமே வகுக்கும் டாங்கிக்கு 1974-இல் அனுமதி கிடைத்தது. ஆவடி ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த ‘அர்ஜுன்’ இராணுவத்தின் கைக்கு வந்தது 2004-இல். முப்பது ஆண்டுகள்! இடையில் தோல்விகளும் ஏளனங்களும் ஏராளம். பிறர் வரைந்ததைச் செய்வதற்கும் தானே வரைந்து செய்வதற்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு பெரிது.

டாங்கியானாலும் டேப்லெட் பீடமானாலும் அந்தத் தூரத்தை நடந்தே கடக்கவேண்டும். பிறர் வரைபடத்தில் பிழை இருந்தால் “எனக்கென்ன?” என்று இருந்துவிடலாம். நம்முடையதில் பிழை இருந்தால் ஐம்பது பீடங்களும் நம் தலைமேல்தான் விழும். அந்தப் பொறுப்பை ஏற்கத் துணிவதே தொழிலில் சுயராஜ்யம். வரையும் கருவி இன்று இலவசமாகவே கிடைக்கிறது. வெட்டும் யந்திரமும் மடிக்கும் கையும் அம்பத்தூரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வரையத் தொடங்கும் இளைஞர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன்: கணினி ‘சரி’ என்று சொன்ன பிறகு, ஐம்பது செய்யுமுன் ஒன்றே ஒன்று செய்யுங்கள். அதை வீட்டிலுள்ள குழந்தையிடம் கொடுத்து, “தொட்டுப் பார், அம்மா” என்று சொல்லுங்கள். அவளைவிட நல்ல பரிசோதகர் கிடைக்கமாட்டார்.