அபராதம் இல்லாத பாவசங்கீர்த்தனம்

2009 மே மாதத்தில் யுத்தம் முடிவுற்ற நாள்தொட்டு இலங்கைத் திருச்சபைகளின் பிரசங்க பீடங்களில் ‘மன்னிப்பு’ என்னும் சொல்லைப் போல் மலிந்த சொல் பிறிதொன்றில்லை. தவக்காலம் வந்தால் மன்னிப்பு. சுதந்திர தின விசேட ஆராதனை என்றால் மன்னிப்பு. வெளிநாட்டுத் தூதுக்குழுவொன்று வன்னிக்கு வந்தாலும் மன்னிப்பு. மன்னித்தல் கிறிஸ்தவ வாழ்வின் உயிர்நாடி என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயின், அச்சொல் எவரை நோக்கிச் சொல்லப்படுகின்றது என்பதே வினா. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் ‘மன்னித்துவிடு’ என்று கூறும் போதகர், அப்பிள்ளையைக் கொண்டுசென்றவனிடம் கூறுவதற்கு எதனை வைத்திருக்கின்றார்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. அவன் அவருடைய ஆலயத்துக்கு வருவதில்லை என்பது ஒரு காரணம். அவன் பக்கத்தே அதிகாரம் நிற்கின்றது என்பது மற்றையது. இரண்டாவதே மெய்யான காரணம் போலும்.

பழைய ஞானோபதேசத்தைப் பாடமாக்கிய எந்தக் கத்தோலிக்கக் கிழவியும் இவ்விடயத்தில் இன்றைய பிரசங்கிகள் பலரிலும் தெளிவுடையவள். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை எவையென வினவினால் அவள் தயங்காது விடையிறுப்பாள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யேன் என்னும் பிரதிக்கினை, பாவத்தைச் சொல்லுதல், அபராதம் தீர்த்தல். இவ்வைந்தும் பாவஞ் செய்தவனுக்கு விதிக்கப்பட்டவை. பாவத்தால் நொந்தவனுக்கு விதிக்கப்பட்டவையல்ல. இந்நாட்டில் நல்லிணக்கத்தின் பெயரால் பேசப்படுவதோ இவ்வைந்தையும் ஒருங்கே விலக்கிவிட்டு, பாவமன்னிப்பை மட்டும் எடுத்துக்கொண்ட சடங்காகும். அதிலும் புதுமை யாதெனின், பாவி கேளாத மன்னிப்பை நொந்தவன் முந்திக்கொண்டு கொடுத்தல் வேண்டுமாம்.

வேதாகமம் இதற்கு இடந்தருகின்றதா? மத்தேயு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுச் சகோதரனிடம் போகும்படி பணிக்கப்படுபவன் யார்? தன்மீது சகோதரனுக்குக் குறையுண்டு என்பதை நினைவுகூருபவன். நடக்கவேண்டிய கால்கள் குற்றஞ் செய்தவனுடையவை. லூக்கா பதினேழாம் அதிகாரத்திலோ கடிந்துகொள்ளுதல் முன்னும், மனந்திரும்புதல் அதன் பின்னும், மன்னித்தல் அதற்குப் பின்னும் வருகின்றன. சகேயுவின் வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு கூறியது, அவன் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக வாக்களித்த பின்னரேயாம். அபகரித்த காணியில் முகாம் அமைத்துக்கொண்டு சகேயு விருந்து வைத்ததாக எந்தச் சுவிசேஷகனும் எழுதவில்லை.

சிலுவையில் தொங்கியவாறே இயேசு தம்மைக் கொன்றோருக்காக மன்றாடினாரே, அவர்கள் அறிக்கையிடும்வரை காத்திருந்தாரா என்பர். வலிமையான வாதமே இது, தட்டிக்கழித்தற்குரியதன்று. ஆனால் அம்மன்றாட்டு ஆணியறையப்பட்டவரின் வாயிலிருந்து, அவரது சொந்த விருப்பினால் வந்தது. சிலுவையின் கீழ் நின்றவருள் ஒருவர் மேலே நோக்கி ‘மன்னித்துவிடும்’ என்று அவருக்குப் போதித்திருப்பின் அதனை எந்தப் பெயரால் அழைப்பது? தாயொருத்தி தன் மகனைக் கொன்றவனை மன்னிப்பாளாயின் அது கிருபையின் செயல். அதன் முன் தலைவணங்கலாம். அதனை அவளிடமிருந்து கறப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

இதற்குத் தொலைவில் சான்று தேடவேண்டுவதில்லை. 2019 ஏப்பிரல் 21 ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழரும் சிங்களவரும் பிறநாட்டாரும் அவருள் அடங்குவர். அடுத்த ஆண்டின் உயிர்த்த ஞாயிறன்றே கர்தினால் மல்கம் ரஞ்சித் தாக்கியோரைத் திருச்சபை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். அத்துடன் அவர் வாய்மூடி இருந்தாரா? இல்லை. தாக்குதலின் பின்னால் நின்றோர் யாவர், முன்னெச்சரிக்கை கிடைத்தும் வாளாவிருந்தோர் யாவர் என ஓயாது கேட்டார். உள்நாட்டு விசாரணையில் நம்பிக்கை இழந்து, 2022 மார்ச்சில் ஜெனீவாவுக்கே சென்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையின் முன் முறையிட்டார். 2023 ஜனவரி 12 இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்த்தபொழுது திருச்சபையில் எவரும் ‘மன்னித்தாயிற்றே, இழப்பீடு எதற்கு?’ எனக் கேட்கவில்லை. கேளாதது முற்றிலும் சரியே. மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்னும் கோட்பாட்டைக் கொழும்பு உயர்மறைமாவட்டம் தன் செயலாலேயே நிலைநாட்டிவிட்டது.

அவ்வாறாயின் அதே கோட்பாடு வவுனியாவுக்கு வடக்கே ஏன் செல்லுபடியாவதில்லை? 2012 இல் அதே பேரவையில் இலங்கை தொடர்பான தீர்மானம் வந்தவேளை, அதனை வேண்டாத அந்நியத் தலையீடாகக் கண்டித்த குரல்களுள் தென்னிலங்கைத் திருச்சபைத் தலைமையின் குரலும் ஒன்று. பத்தாண்டுகளில் ஜெனீவாவின் இருப்பிடம் மாறிவிடவில்லை. இறந்தோர் யாருடையவர் என்பதே மாறியது.

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் செய்தது வெறும் கணக்கு வழக்கே. கச்சேரிப் பதிவுகளின்படி 2008 ஒக்டோபர் முற்பகுதியில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். 2009 யூலை 10 அளவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தடைந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கேட்டார். அத்தனை பேரும் கொல்லப்பட்டனர் என அவர் சாதிக்கவில்லை; விடை வேண்டினார். விடைக்குப் பதிலாகப் பழியும் விசாரணையுமே அவரை வந்தடைந்தன. 2021 ஏப்பிரல் முதலாம் நாள் அவர் விடைபெறாமலே மறைந்தார். ஏனைய மறைமாவட்டங்கள் அவ்வினாவைத் தம் வினாவாக ஏற்றிருப்பின் ஓர் ஆயரை ‘அரசியல் பேசுபவர்’ எனத் தனிமைப்படுத்துதல் அத்துணை எளிதாயிருந்திராது. 1995 யூலை 9 இல் நவாலி ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது விமானக் குண்டு வீழ்ந்தது. 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டிப் பங்குத் தந்தை ஜிம் பிறவுண் காணாமற்போனார். அவர் இன்றுவரை திரும்பவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்பதும் இழப்பீட்டையன்று, விடையையே.

இப்பிணி இலங்கைக்கே உரியதன்று. 1985 இல் தென்னாபிரிக்க இறையியலாளர் வெளியிட்ட ‘கைரோஸ்’ ஆவணம், அநீதியை அசையாது வைத்துக்கொண்டு ஒப்புரவு பேசும் போதனையைத் ‘திருச்சபை இறையியல்’ எனப் பெயரிட்டு உரித்துக் காட்டிற்று. பின்னர் பேராயர் டெஸ்மன்ட் டூட்டு தலைமை தாங்கிய ஆணைக்குழுவை இங்குள்ளோர் விரும்பி மேற்கோள் காட்டுவர். ஆனால், அங்கே பொதுமன்னிப்பு நாடியவன் தன் செயலை முழுமையாக வெளிப்படுத்தவேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை என்பதை விட்டுவிடுவர். அவ்வாணைக்குழுவிலும் குறைகள் உண்டு. அது வேறு கதை.

தென்னிலங்கையிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. 1983 யூலைக் கொடுமையின் பின் குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க தமிழரை நோக்கி மன்னிப்பைப் போதிக்கவில்லை. தம் சொந்தச் சிங்கள மக்களை நோக்கி வெட்கப்படவும் குற்றத்தை ஏற்கவும் அழைத்தார். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே அவர் காலமானார். அந்த ஆசனங்களில் பின்னர் அமர்ந்தோருள் அத்துணிவைக் காண்பது அரிதாயிற்று.

எனினும் தமிழ்க் கிறிஸ்தவர் இதனைப் படித்து மகிழ்ந்து போவதற்கில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து 70,000 இற்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் விரட்டினர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. அந்த வீதிகளில் தேவாலயங்களும் இருந்தன, கிறிஸ்தவப் பாடசாலைகளும் இருந்தன. 2009 இல் வலைஞர்மடம் ஆலயத்தில் ஒதுங்கிய இளையோரையே புலிகள் இழுத்துச் சென்றனர். இவை பற்றி வடக்கின் பீடங்களில் எத்தனை பிரசங்கங்கள் எழுந்தன? தெற்கிடம் ஆத்தும சோதனை கேட்பவன் தன் வீட்டில் அதனைச் செய்துவிட்டுக் கேட்பானாயின் அவன் குரலை எவராலும் தள்ள முடியாது. யாழ்ப்பாணத்துத் திருச்சபைகள் ஒருங்குகூடி, திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களிடம் சென்று, ‘அன்று எம் வாய் திறக்கவில்லை’ என்று வெளிப்படையாகக் கூறுதல் முதலாவதாகச் செய்யத்தக்கது. அடுத்தது அதனினும் எளியது. ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகியவற்றைப் பங்குப் பதிவேடுகளில் பிழையின்றி எழுதிவரும் திருச்சபைக்கு, வன்னியில் மாண்டோரையும் காணாமலாக்கப்பட்டோரையும், எத்தரப்பாரால் நேர்ந்ததாயினும், பெயர், வயது, ஊர், இறுதியாகக் கண்ட இடம் என்பவற்றோடு பதிவுசெய்ய எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அவ்விபரங்களை அறிந்த பெற்றோர் முதுமையால் ஒருவர்பின் ஒருவராக இறந்துகொண்டிருக்கின்றனர். இப்பதிவு இந்த ஆண்டே தொடங்கப்படல் வேண்டும்.