பட்டும் பட்டத்தரசியும்

உயர்குடிப் பெண்டிரின் உருவப்படங்களைக் காண்போர் முதலில் முகத்தையே நோக்குவர். ஆயினும் அப்பெண்மணியின் அந்தஸ்தை உலகுக்கு உரைப்பதில் உடுத்த துணிக்குப் பெரும் பங்கு உண்டு. பிரான்சு நாட்டு அரசி மேரி அன்டோனெட்டின் படங்கள் இதற்குத் தக்க சான்றாகும். நெசவைத் தொழிலாகக் கொண்ட நம் அங்கத்தினர்கள் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம் எனக் கருதுகிறோம்.

1778ஆம் ஆண்டில் எலிசபெத் விஜே லெ ப்ரூன் என்னும் பெண் ஓவியர் அவ்வரசியை முதன்முறையாக நேரிற் கண்டு தீட்டினார். வியன்னாவிலிருந்த அரசியின் தாயாருக்காக வரைந்த படம் அது. அருகே மெத்தைமீது மணிமுடி, பின்னே பெருந்தூண்கள், உயரே மன்னர் பதினாறாம் லூயியின் மார்பளவுச் சிலை. இவை யாவற்றினும் மிகுந்த இடத்தைக் கொள்வது இருபுறமும் அகன்று விரியும் வெண்பட்டாடையே. ஓர் உடைக்கு இத்தனை கெஜம் பட்டைச் செலவிடுபவர் எத்தகையவர் என்பதை எழுத்தறியாதவரும் உணர்வர்.

1783இல் அதே ஓவியர் தீட்டிய அரசியின் மற்றொரு படம் பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. தலையில் வைக்கோல் தொப்பி, உடலில் வெள்ளை மஸ்லின், கையில் ரோஜா மலர். முடியில்லை, பட்டில்லை, ஆபரணமும் இல்லை. கண்டோர் பலர் சினங்கொண்டனர். அரசி உள்ளாடையோடு காட்சி தருவதா என்றனர் சிலர். அந்நியத் துணியை உடுத்தி லியோன் நகரப் பட்டு நெசவாளரின் பிழைப்பைக் கெடுக்கலாமா என்றனர் வேறு சிலர். படம் அகற்றப்பட்டது. கையில் அதே ரோஜாவுடன், பட்டாடை அணிந்து அரசி நிற்கும் வேறொரு படம் அதனிடத்தில் வைக்கப்பட்டது.

மஸ்லின் மட்டமான துணியன்று. வங்கநாட்டு மஸ்லினின் நேர்த்தி அந்நாளில் உலகப் புகழ் பெற்றிருந்தது. எனினும் பிரெஞ்சு அரசிக்கு உரியது பட்டே என்பது அந்நாட்டார் வழக்கம். துணி மாறியதும் பதவியே தாழ்ந்துவிட்டதாக அவர்கள் எண்ணினர்.

அந்தப் பட்டின் பின்னேயுள்ள உழைப்பையும் நினைத்துப் பார்ப்போம். அக்காலத்தில் லியோனில் பூவேலைப் பட்டு நெய்யத் தறியில் அமர்ந்தவர் ஒருவர் போதாது. பூவுக்கேற்பக் கயிறுகளை இழுத்துக் கொடுக்க உதவியாளும் வேண்டும். 1804இல் ஜக்கார்டு அமைத்த பொறி பரவிய பின்னரே அவ்வேலை குறைந்தது.

பொருட்காட்சிச் சாலைகளில் வரைந்தவர் பெயரையும் வரையப்பட்டவர் பெயரையும் படத்தருகே எழுதுகின்றனர். படத்திற் காணும் துணி யாது, எவ்வூர்த் தறிக்கு உரியது என்பதையும் அறிந்த அளவில் எழுதுதல் முறையாகும் என்பது நம் துணிபு. அரசியை அரசியாகக் காட்டியதில் தூரிகையோடு தறிக்கும் பங்குண்டு. இத்தகைய படங்களைக் காண நேரும்போது, நம் அங்கத்தினர்கள் நெசவாளர் கண்கொண்டு அவற்றின் துணியையும் உற்று நோக்குவார்களாக.